பழைய நாளிதழ்ச் சாகசச் சித்திரத்தொடர்களை மறுபதிப்பில் வாசிப்பது எப்படி

அமெரிக்க ஓவியர் மில்டன் கானிஃப் 1934 முதல் 1946 வரை வரைந்த ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ தொடரைப் புதிதாக எடுப்பவர்கள், தொடக்கப் பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். தூரிகையால் அடர்ந்த நிழல்களைத் தீட்டும் முறையை நண்பர் நோயல் சிக்கிள்ஸிடமிருந்து அவர் கைக்கொண்ட பிறகே அந்தச் சித்திரங்களுக்கு உயிர் வந்தது.

வாங்குமுன், எந்த மூலத்திலிருந்து பதிப்பித்திருக்கிறார்கள் என்று முன்னுரையில் பாருங்கள். ஓவியர் ஹால் ஃபாஸ்டரின் ‘பிரின்ஸ் வேலியன்ட்’ சாகசத் தொடரை, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் அவருடைய சொந்த அச்சுச் சோதனைப் படிகளிலிருந்து ஃபான்டாகிராபிக்ஸ் பதிப்பகம் எடுத்திருப்பதால், மலிவான நாளிதழ்த் தாளில் மை பரவி மறைந்துபோகும் மெல்லிய கோடுகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. கண்ணைக் கூசும் பளபளப்புத் தாளைவிட, மங்கலான தாளில் அச்சான பதிப்பையே நான் விரும்புகிறேன்.

ஒரே மூச்சில் நூறு பக்கங்களைப் படித்துவிட முயல வேண்டாம். ‘டெர்ரி’ போன்றவை நாளுக்கு மூன்று நான்கு கட்டங்களாக வெளிவந்த கதைகள் என்பதால், முந்தைய நாள் நடந்தது மீண்டும் மீண்டும் நினைவூட்டப்படும். தொடர்ந்து படித்தால் அது சலிப்பூட்டும். ஓர் அமர்வுக்கு இரண்டு வாரக் கதை போதும். ‘டெர்ரி’யின் ஞாயிறு வண்ணப்பக்கங்களைத் தொடக்கத்தில் தனிக்கதையாகவே வாசியுங்கள், 1936-இல்தான் அவை தினசரிக் கதையோடு இணைந்தன.