கடல் தண்ணீரில் முட்டை ஏன் தாழ்ந்தது? (என் அனுபவம்)

"உப்புநீரில் முட்டை மிதக்கும்" என்பதை மகளுக்குச் செய்துகாட்ட, திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரையிலிருந்து போத்தலில் கடல் தண்ணீர் கொண்டுவந்தோம். முட்டை நேரே அடிக்குப் போய்விட்டது. பாத்திரத்தை மாற்றினோம், தண்ணீரைக் கூட்டினோம், பலனில்லை. இன்னும் குழப்பம், கனநாள் கிடந்த வேறொரு முட்டை கிணற்றுத் தண்ணீரிலேயே மிதந்தது. நாட்கள் வீணாகின.

விடை உப்பின் அளவில் இருந்தது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான். புது முட்டையைத் தூக்க அது காணாது. அதே தண்ணீரில் கறியுப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கரைத்தோம். லீற்றருக்கு இன்னும் 80, 90 கிராம் அளவில் சேர்ந்ததும் முட்டை மெல்ல எழும்பியது. பலர் கவனிக்காதது மற்ற முட்டைதான்: பழசாக ஆக, கோதின் நுண்துளைகளால் ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகும்; முட்டை இலேசாகி, கிணற்றுத் தண்ணீரிலேயே மிதக்கும். ஆகவே பரிசோதனைக்குப் புது முட்டையே வேண்டும்.

மகளிடம் ஒரு தர்க்கக் கேள்வியையும் இதிலிருந்தே கேட்டேன்: "புது முட்டை எல்லாம் கிணற்றுத் தண்ணீரில் தாழும். இது தாழ்கிறது. அப்ப இது புதுசுதானா?"

"ஓம்" என்றவள், கொஞ்சம் யோசித்து, "கொஞ்சம் பழசும் தாழலாம்தானே, அப்பா?" என்றாள். பயிற்சிப் புத்தகத்தில் அவள் எப்போதும் பிழைவிட்ட கேள்வி வகை இதுதான். இப்போது சரியாகச் செய்கிறாள்.