வர்க்கமூலத்துக்குள் எழுத்து வந்தால் என்ன செய்வது?

√72 = 6√2 என்று சட்டென்று போட்டுவிடுகிற பிள்ளைகள்கூட உள்ளே ஒரு மாறி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சைதாப்பேட்டையில் சாயங்கால டியூஷன் எடுக்கும் எனக்கு இது வருஷா வருஷம் பார்க்கிற காட்சி. (டைப் செய்ய வசதியாக மாறிகளை அ, ஆ என்றே எழுதுகிறேன். பரீட்சையில் வழக்கமான எழுத்தையே போடுங்கள்.)

கபாலி கோயில் வாசலில் செருப்பு விடுகிற கணக்குதான் இது. ஜோடிக்கு ஒரு டோக்கன், ஒற்றைச் செருப்புக்குக் கிடையாது. ஒரே காரணி இரண்டு தடவை இருந்தால் ஒன்றாக வெளியே வரும், ஜோடி சேராதது உள்ளேயே கிடக்கும்.

√(72அ⁵ஆ²) எடுத்துக்கொள்வோம். 72 = 36 × 2, அதனால் 6 வெளியே, 2 உள்ளே. அ⁵-ல் இரண்டு ஜோடி, ஒன்று தனி. அ² வெளியே, அ உள்ளே. ஒவ்வொரு முறையும் விரித்து எழுத வேண்டாம், அடுக்கை 2-ஆல் வகுத்தால் ஈவு வெளியே போகும் அடுக்கு, மீதி உள்ளே. √அ¹⁶ = அ⁸. √16 = 4 என்ற பழக்கத்தில் அ⁴ என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். கடைசியில் ஆ² ஒரு ஜோடி, ஆக விடை 6அ²ஆ√(2அ).

கொஞ்சம் பொறுங்கள், அது முழுசாகச் சரியில்லை. ஆ = −3 என்றால்? ஆ² = 9, √9 = 3, −3 அல்ல. √ குறி ஒருபோதும் குறை எண்ணைத் தராது, அதனால் √ஆ² என்பது |ஆ|. இருபுறமும் நிற்கும் கோடுகளுக்கு, குறைக் குறி இருந்தால் அதை நீக்கிய மதிப்பு என்று அர்த்தம், |−3| = 3. சரியான விடை 6அ²|ஆ|√(2அ). அ² எப்படியும் குறை எண்ணாகாது, அதற்குக் கோடு வேண்டாம். உள்ளே இரட்டை அடுக்கு இருந்து வெளியே ஒற்றை அடுக்காக வந்தால்தான் கோடு, √அ⁶ = |அ³| மாதிரி. √அ⁷ = அ³√அ என்பதற்குத் தேவையில்லை, ஏனென்றால் அ குறை எண்ணானால் அ⁷-ம் குறை எண், மெய்யெண்களில் அதற்கு மூலமே கிடையாது. 'மாறிகள் எல்லாம் மிகை எண்கள்' என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால் கோட்டை மறந்துவிடலாம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வர்க்கமூல விடைகளுக்கு இருபுறமும் நிற்கும் கோடுகள் இதற்காகத்தான், அச்சுப்பிழை இல்லை.

அப்புறம், ஜோடி சேர்ப்பதெல்லாம் பெருக்கலுக்கு மட்டும். √(அ² + 9) என்பதை அ + 3 என்று எழுதத் தோன்றினால் அ = 4 போட்டுப் பாருங்கள், √25 = 5 வரும், 4 + 3 = 7 வரும். அதுவே √(அ² + 6அ + 9) என்றிருந்தால் உள்ளே இருப்பது (அ + 3)², தாராளமாக |அ + 3| என்று எழுதலாம்.