வளைகுடாவில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு நீலகிரிக்குக் குடிவருகிறவர்களுக்கு

"மலைக்குப் போ, நல்ல காற்று, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லித்தான் உங்களை அனுப்பியிருப்பார்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். வளைகுடாவில் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்து, குளோரின் வாயு கிளம்பி என் நெஞ்சுக்குள் போனது. ஆறு வருஷம் ஆகியும் ஊதுபத்திப் புகை பட்டால் இருமல் பிடித்துக்கொள்கிறது.

இங்கே காற்று சுத்தம்தான். ஆனால் அது குளிர்ந்த காற்று, புண்பட்ட மூச்சுக்குழாயைச் சட்டென்று இறுக்கிவிடும். அதோடு, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் அங்கே கிடைக்கும். முடிந்தால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீடு பாருங்கள். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் வராதீர்கள். வந்த முதல் இரண்டு வாரம் மூட்டை தூக்கி மேடு ஏற வேண்டாம்.

வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெயில் விழாத சுவரில் கட்டிலுக்குப் பின்னால், அலமாரி மூலையில், கறுப்பாகப் பூஞ்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைத் துடைக்க பிளீச்சிங் பவுடரைக் கையிலேயே எடுக்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வீடு என்றால் வாசம் போகும்வரை பொறுத்துக் குடிபோங்கள்.

நான் இங்கே வந்த அன்றைய ராத்திரி மறக்காது. வீட்டுக்காரம்மா அன்பாகப் பெட்டியைத் திறந்து கனமான கம்பளி ஒன்றைக் கொடுத்தார். இழுத்துப் போர்த்தியதும் அந்துருண்டை வாசம் தொண்டையில் ஏறியது. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். கம்பளியை இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுவிட்டுப் போர்த்துங்கள்.

அப்புறம் தைலம். இருமல் சத்தம் கேட்டால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து பாட்டிலோடு வந்துவிடுவார்கள். சளிக்கு அது சுகமாக இருக்கலாம். ரசாயனம் பட்ட மூச்சுக்குழாய்க்கு அந்தக் காட்டமே இருமலைக் கிளப்பிவிடும். "எனக்கு ஒத்துக்காதுங்க" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். குளிர் தாங்காமல் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதைச் சத்தியமாகச் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று என்னை இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் மூச்சுக்குழாய் கெட்டிருக்கலாம். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே தடவை அதிகமாக வாயு ஏறி, 24 மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறல் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால் அதை ராட்ஸ் (RADS) என்பார்கள், ரசாயனம் பட்டு வரும் ஒரு வகை ஆஸ்துமா. 1985-லேயே மருத்துவர்கள் இதை விவரித்து எழுதிவிட்டார்கள். எந்த ரசாயனம், எந்தத் தேதி, எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வளைகுடாவில் வைத்தியம் பார்த்த சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள்.

தினசரி இழுக்கச் சொன்ன ஸ்டீராய்டு மருந்தைச் சௌகரியமாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இழுத்ததும் வாய் கொப்பளியுங்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் இன்ஹேலரை ஸ்வெட்டருக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஜில்லிட்டுப் போனால் மருந்து சரியாகப் பீய்ச்சாது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும், அதனால் முன்கூட்டியே கூப்பிடுவதுதான் சரி.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடாக இருந்தால் தோட்டக்காரரிடம் உங்கள் நிலைமையை மறைக்காமல் சொல்லிவையுங்கள். மழைக்காலத்தில் தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்கு மருந்து அடிப்பார்கள். எங்கள் மேல்தோட்டத்து அக்கா இப்போதெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே வேலிப்பக்கம் நின்று குரல் கொடுத்துவிடுவார்: "தம்பி, நாளைக்குக் காலையில அடிக்கிறோம், ஜன்னலச் சாத்திக்க."