ஒரு நல்ல பிரிவு இருக்கிறது என்பதற்காக முழு மசோதாவையும் ஆதரிக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

துண்டறிக்கையைப் படித்துவிட்டு மசோதாவையே படித்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. ஆதரவு கேட்டு வருகிறவர் நல்ல பிரிவை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார், எதிர்க்கச் சொல்கிறவர் மோசமான பிரிவை மட்டும் போடுவார், நாம் யார் முதலில் வந்தாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். நீலகிரியில் கூடலூர் பந்தலூர் பக்கம் நிலம், வனம் என்று எந்தச் சட்டம் வந்தாலும் இதுதான் நடக்கிறது. மசோதாவையே வாங்கிப் பாருங்கள். முழுதாகப் படிக்க நேரமில்லை என்றால் மூன்று இடங்களையாவது பாருங்கள்: எப்போது நடைமுறைக்கு வரும் என்று சொல்லும் முதல் பிரிவு, மேலே கொடுத்ததைக் கீழே பிடுங்கும் "ஆயினும்" வரிகள், அப்புறம் "விதிகளில் வகுக்கப்படும்" என்று தள்ளிவிடும் இடங்கள்.

2023ல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு தரும் 106-வது அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில் 454க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறியது. எல்லோரும் கொண்டாடினோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு அமலுக்கு வரும் என்று அதே திருத்தத்திலேயே எழுதியிருந்தது, அதை எத்தனை பேர் படித்தோம்? நல்ல பிரிவு ஏதோ ஒரு நாளில், மோசமான பிரிவு அரசிதழில் வந்த அன்றே என்று ஒரு மசோதா இருந்தால், அதை ஆதரிக்கும் முன் நான் பலமுறை யோசிப்பேன்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. "இந்தப் பிரிவு நல்லதா?" என்று மட்டும் கேட்கிறோம், "இந்த நல்லது கிடைக்க இந்த மசோதாதான் வேண்டுமா?" என்று கேட்பதில்லை. 2023 வனப் பாதுகாப்புத் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு பராமரிக்கும் சாலை அல்லது ரயில் பாதை ஓரம், ஒரு குடியிருப்புக்கோ சாலையோர வசதிக்கோ போய்வர 0.10 ஹெக்டேர் வரை, அதாவது ஏறக்குறைய 25 சென்ட் வன நிலத்துக்கு, வன நிலத்தை வேறு வேலைக்கு எடுக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்ற வனப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்று அதில் ஒரு பிரிவு. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வர வேண்டிய கிராமங்கள் இன்றைக்கும் நம் மலையில் இருக்கும்போது, இந்தப் பிரிவைப் பார்த்து ஒருவர் ஆசைப்பட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை எடுத்துப் பாருங்கள். சாலை, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின் கம்பி, குடிநீர்க் குழாய் என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வன நிலத்தைத் தரலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், அவ்வளவுதான். கிராமத்துக்கு ரோடு போட வழி ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. கேட்டு வாங்காமல் இருந்தோம், வாங்க விடாமலும் வைத்திருந்தார்கள்.

அந்த 25 சென்டோடு சேர்ந்து வந்தது என்ன தெரியுமா? கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்பட்டதை எதிர்த்து 1995ல் கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், காடு என்ற சொல்லின் பொருளுக்குள் வருகிற எல்லாம் காடுதான் என்றது. நம் ஊர்க் காட்டுக்காகப் போட்ட வழக்கில் நாடு முழுக்கக் கிடைத்த பாதுகாப்பு அது. 2023 திருத்தம் அதைச் சுருக்கி, காடு என்று அறிவிக்கப்பட்ட நிலம், அரசுப் பதிவேட்டில் காடு என்று ஏறிய நிலம் என்ற அளவுக்குக் கொண்டுவந்தது. கூடவே சஃபாரியும், சூழல் சுற்றுலா வசதிகளும் வனப் பணிகளின் பட்டியலில் ஏறின. எஸ்டேட்டுகளுக்கு நடுவே பதிவேட்டில் ஏறாமல் கிடக்கும் சோலைத் துண்டுகளுக்கு இது என்ன செய்யும் என்று ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் ரிசார்ட்டுகள் முளைத்த வேகத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் தங்கள் காட்டு நிலங்களைக் கண்டறிந்து பதிவுசெய்யும் வேலை முடியும்வரை 1996 பொருளையே பின்பற்றச் சொன்னது. அது இடைக்கால உத்தரவுதான்.

"நாடாளுமன்றக் குழுவுக்குத்தானே போகிறது, அங்கே சரிசெய்துவிடுவார்கள்" என்று நம்பி இருந்துவிடுவதும் ஒரு தவறு. சில சமயம் சரியாகும். 2005ல் வந்த வன உரிமை மசோதா பழங்குடியினருக்கு மட்டும் என்றது, 1980 அக்டோபர் 25க்கு முன்பே குடியிருந்திருக்க வேண்டும் என்றது, இரண்டரை ஹெக்டேர்தான் உச்சவரம்பு என்றது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக் குழுவுக்குப் போய், வெளியே போராட்டமும் நடந்து, 2006 டிசம்பரில் நிறைவேறியபோது மற்ற வனவாசிகளும் உள்ளே வந்தார்கள், தேதி 2005 டிசம்பர் 13 ஆனது, உச்சவரம்பு நான்கு ஹெக்டேர் ஆனது. 2023 வன மசோதாவும் கூட்டுக் குழுவுக்குத்தான் போனது, ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்பி வந்தது. அதனால் "இப்போது ஆதரிப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதை நான் ஏற்க மாட்டேன். கேட்க வேண்டியதைக் குழுவின் முன் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

"எதிர்த்தால் இருக்கிற நல்லதும் போய்விடும்" என்ற பயமும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறியது. வாரத்தில் நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு, விரும்பினால் மட்டுமே என்றெல்லாம் சொல்லப்பட்டது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. தேயிலைக் கொழுந்து குவிகிற மாதங்களில் இலைத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் எப்படி ஓடும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த எதிர்ப்பின் அருமை புரியும்.

சரி, அப்படியென்றால் குறையுள்ள எதையும் ஆதரிக்கவே கூடாதா? அதுவும் தவறு, சொல்லப்போனால் மிகக் கொடுமையான தவறு. வன உரிமைச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. பழங்குடி அல்லாதவர் 2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே இருந்திருக்க வேண்டும் என்கிறது அது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்து, கிடைத்த இடத்தில் குடிசை போட்ட நம் மலையகத் தமிழர் 75 வருடத்துக்கு எங்கே போவார்கள்? அங்கேயும் மண் சொந்தமில்லை, இங்கேயும் இல்லை. அதற்காக, தலைமுறை தலைமுறையாக அதே காட்டில் இருந்தும் ஒரு துண்டுக் காகிதம் இல்லாத பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் குறும்பருக்கும் இருளருக்கும் கிடைக்கிற உரிமையை நாம் எதிர்க்க முடியுமா?

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைப் பார்க்கத் தவறுகிறோம். ஒருவருக்குக் கொடுக்காமல் விடுவது ஒன்று, ஒருவரிடம் இருப்பதைப் பிடுங்குவது வேறு. வன உரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளியை வெளியே நிறுத்தியது, ஆனால் அவரிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, நாளைக்கே ஒரு திருத்தத்தில் அவரை உள்ளே கொண்டுவரலாம். 2023 வனத் திருத்தம் எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு பாதுகாப்பை எடுத்தது, அந்த இடைவெளியில் வெட்டப்படுகிற சோலை எந்தத் திருத்தத்திலும் திரும்பி வராது. முதலாவதை ஆதரித்துக்கொண்டே விடுபட்டவர்களுக்காகப் போராடலாம். இரண்டாவதை, எத்தனை நல்ல பிரிவு இருந்தாலும், நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆதரவை எப்படித் தெரிவிக்கிறோம் என்பதிலும் கோட்டை விடுகிறோம். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் "இந்த மசோதாவை வரவேற்கிறோம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த வரி எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்துச் சம்மதமாகிவிடும். பிரிவு எண் போட்டு எழுதுங்கள்: இந்தப் பிரிவு வேண்டும், இந்தப் பிரிவை நீக்க வேண்டும், நீக்காவிட்டால் ஆதரவு இல்லை, நீக்க முடியாதென்றால் நல்ல பிரிவைத் தனி மசோதாவாகக் கொண்டுவாருங்கள். மத்திய அரசு வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014 முதல் ஒரு கொள்கை இருக்கிறது, வைத்தால் அந்த நாட்களுக்குள் அனுப்புங்கள். "கிராம சபையின் சம்மதம் வேண்டும்" என்று ஒரு சட்டம் சொன்னால், உங்கள் ஊரில் கிராம சபை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூடலூரும் நெல்லியாளமும் நகராட்சிகள், ஓவேலியும் தேவர்சோலையும் பேரூராட்சிகள். ஊராட்சிகளில் கூடுகிற கிராம சபை அங்கே கிடையாது, அந்த நல்ல பிரிவு உங்கள் தெருவுக்கு எப்படி வந்து சேரும் என்பதையும் மசோதா கட்டத்திலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கடைசித் தவறு, நிறைவேறியதும் வீட்டுக்குப் போய்விடுவது. 1969 கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் நல்ல பகுதி உண்மையிலேயே நல்லது: ஜென்மி என்ற பரம்பரை நில உடைமையாளரின் உரிமை போகும், உழுதவருக்கு அரசிடமிருந்து நேரடியாக ரயத்துவாரி பட்டா வரும். ஆனால் தோட்டக் குத்தகை நிலங்களை 17-வது பிரிவில் தனியாக வைத்தார்கள். வழக்கு, 1972ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1974ல் சட்டங்களை நீதிமன்ற வழக்கிலிருந்து காக்கும் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ப்பு, அந்த வருடம் நவம்பரில் அமல், பிறகு 2007ல் ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு என்று அது இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அந்த 17-வது பிரிவு நிலங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறிவிட்டன, அவர்களுக்குப் பட்டா இல்லை, வீட்டுக்கு மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. வன உரிமைச் சட்டமும் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது, ஆனால் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

ஆகவே நீங்கள் ஆதரித்த மசோதா நிறைவேறினால், விதிகள் அரசிதழில் வந்துவிட்டனவா, எந்த அதிகாரிக்குப் பொறுப்பு, எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும், யாராவது தடை வாங்கியிருக்கிறார்களா என்று வருடா வருடம் எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம்தான். ஆதரவு கேட்டு வீடு வீடாக வந்த கட்சிக்காரர்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.