வயிறு உப்புறதெல்லாம் வாயு இல்ல, காலண்டர்ல குறிச்சுப் பாருங்க

கம்பத்துல இருந்து விடியக்காலைல ஜீப் ஏறி குமுளி தாண்டி ஏலக்காட்டு வேலைக்குப் போற எங்க ஊர் பொம்பளைங்க வயிறு உப்பலா இருக்குன்னு சொன்னா போதும், வாயுதான்னு ஓமத்தண்ணி கைக்கு வந்துரும். எங்க பெரியம்மாவுக்கும் அப்படியே நாலு மாசம் போச்சு, கடைசில ஸ்கேன்ல பாத்தா சினைப்பைல கட்டி.

சினைப்பைப் புத்துநோய்க்கு அறிகுறியா கவனிக்க வேண்டியது முக்கியமா நாலு. வயிறு உப்பி பாவாடை நாடா இறுக்குறது, ரெண்டு வாய் சாப்பிட்டதும் போதும்னு ஆகுறது, அடிவயித்துல இல்ல இடுப்புல வலி, அடிக்கடி அவசரமா ஒன்னுக்கு வர்றது. இந்தக் கடைசி ஒன்னுலதான் நம்மாளுங்க கோட்டை விடுறது, காட்டுல பாத்ரூம் ஏது, தண்ணி குடிக்காம அடக்கியே பழகுனவங்க நீர்க்கடுப்புன்னு நெனச்சு மோர் குடிச்சுட்டு விட்டுருவாங்க.

அதனால செவுத்துல தொங்குற மாசக் காலண்டர எடுங்க. இதுல ஏதாவது ஒன்னு இருந்த நாளுக்கெல்லாம் ஒரு கோடு போடுங்க. கல்யாண வீட்டு பிரியாணிக்கு அப்புறம் ஒரு நாள் உப்புனா விடுங்க. ஆனா முன்ன இல்லாம இந்த ஒரு வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சு, மாசத்துல 12 நாளுக்கு மேல கோடு விழுந்துச்சுன்னா டாக்டர பாத்துருங்க. மாதவிடாய் நின்னவங்களுக்கு ரத்தம் பட்டா கோடெல்லாம் எண்ணிட்டு இருக்காதீங்க, உடனே போங்க.

யாருக்கு கூடுதல் கவனம்னா 50 வயசு தாண்டுனவங்க, குழந்தை பெறாதவங்க, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது) உள்ளவங்க, உடம்பு எடை ரொம்ப அதிகமா இருக்கவங்க. குடும்பத்துல மார்புப் புத்துநோயோ சினைப்பைப் புத்துநோயோ இருந்தா கண்டிப்பா சொல்லணும், அப்பா வழி அத்தைகளையும் சேத்துத்தான், இந்தப் புத்துநோய் ரிஸ்க்கக் கூட்டுற பிஆர்சிஏ ஜீன் கோளாறு அப்பா மூலமாவும் வரும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருந்தா ரிஸ்க் கொஞ்சம் கொறையும், வரவே வராதுன்னு இல்ல.

பாப் ஸ்மியர் எடுத்தாச்சுன்னு நிம்மதியா இருக்காதீங்க, அது கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய்க்கான டெஸ்ட். சினைப்பைக்கு ஸ்கேனும், சிஏ-125ங்கிற புரத அளவப் பாக்குற ரத்த டெஸ்டும். அந்த அளவு 35க்கு மேல வந்தா பதறவும் வேணாம், ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைல வர்ற புத்துநோய் இல்லாத கட்டி) இருந்தாலும் பீரியட்ஸ் நேரத்துலயும் ஏறும், அதே மாதிரி ஆரம்பத்துல நார்மலாவும் காட்டலாம். கேஸ் மாத்திரை எழுதிக் குடுத்து ரெண்டு வாரத்துல கேக்கலன்னா ஸ்கேன் வேணும்னு நீங்களே வாய விட்டுக் கேளுங்க.

தேனி பக்கம் க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் சரி, அந்தப் பக்கம் கோட்டயம் போனாலும் சரி. மலையாள டாக்டர்னா 'வயறு வீர்ப்பு'ன்னு சொல்லுங்க புரிஞ்சுக்குவாங்க, சொல்ல வரலன்னா அந்தக் காலண்டர் தாளக் கிழிச்சு கைல குடுத்துருங்க.