மாதக் கணக்கைப் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்
மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்களில், சம்பளம் எங்கே போகிறது என்பது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபி முடிந்த கையோடு, வாடகை, பால், மின்கட்டணம், லோக்கல் ரயில் சீசன் டிக்கெட், ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்பும் தொகை ஆகிய அனைத்தையும் ஒரு நோட்டில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் மகள் முதல் முறை எழுதியபோது வாடகையில் ஒரு சைபரை விட்டுவிட்டாள். அதைச் சேர்த்த பிறகு சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மின்கட்டண ரசீதில், பயன்பாடு கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதை விரல் வைத்துக் காட்டினால், விசிறியை அணைக்கச் சொல்வதன் காரணம் தானாகவே விளங்கும்.

கடன் இருந்தால் மறைக்க வேண்டாம். எவ்வளவு, எப்போது அடையும் என்பதைப் பதற்றமின்றிச் சொன்னால் போதும், ஆனால் பெரியவர்களின் வாக்குவாதத்திற்கு நடுவே சொல்லவே கூடாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 10 வயது நிரம்பிய பிள்ளைகள், வங்கி வகுத்த வரம்புக்குள், சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்கலாம். பொங்கலுக்குக் கிடைக்கும் பணத்தை அதில் போடப் பழக்குங்கள்.