மோனேயின் தேம்ஸ்: மூட்டம் என்றால் சோகமா?

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே தேம்ஸ் ஆற்றங்கரையில் தீட்டிய லண்டன் ஓவியங்களைப் பார்த்ததும் பலர் வாயில் வரும் முதல் சொல் 'சோகம்'. மங்கிய பாலம், பனிமூட்டம், தனியே ஒரு படகு. ஓவியர் ஏதோ மனவேதனையில் இருந்திருக்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம்.

அவருடைய கடிதங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. 1900 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மூட்டத்தின் சுவடே இல்லை. மோனே பதறிப்போனார். பிறகு கணப்புகள் மூட்டப்பட, புகையும் மூட்டமும் மெல்லத் திரும்பி வந்ததை மனைவி ஆலிஸுக்கு எழுதியிருக்கிறார். நமக்குத் துக்கமாகப் படுவதைத் தேடித்தான் அவர் 1899 முதல் 1901 வரை மூன்று முறை லண்டன் வந்தார். பனியில் நிலக்கரிப் புகை கலந்த அந்த மூட்டம், வெளிச்சத்தை நிமிடத்துக்கு நிமிடம் வேறு நிறமாக்கியது.

சாம்பல் நிறம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறுதான். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள 1904-ஆம் ஆண்டு லண்டன் நாடாளுமன்ற ஓவியத்தில் சாம்பலைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கட்டடம் நீலமும் ஊதாவுமாக நிற்கிறது. மேலே ஆரஞ்சு நிறச் சூரிய ஒளி. அதே ஆரஞ்சு கீழே நீரில் சிதறிக் கிடக்கிறது. நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள், அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். அந்த ஓவியத்தின் உணர்ச்சி பிறக்கும் இடம் அதுவே.

'கண்புரையால்தான் இப்படி மங்கலாக வரைந்தார்' என்பார்கள். அவருக்குக் கண்புரை இருப்பது கண்டறியப்பட்டது 1912-இல். லண்டன் ஓவியங்கள் அதற்கு முன்பே பாரிஸில் காட்சிக்கு வந்துவிட்டன.

இன்னொரு தவறு எனக்கும் இருந்தது: மோனே போன்றோரின் இம்ப்ரெஷனிச ஓவியம், அதாவது கணநேர ஒளியைப் பிடிக்கும் பாணி, என்றால் ஆற்றங்கரையில் ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்ற நினைப்பு. மோனே சவாய் ஓட்டல் அறையிலிருந்து வாட்டர்லூ, சாரிங் கிராஸ் பாலங்களை வரைந்தார். மாலை வேளைகளில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலிருந்து நாடாளுமன்றத்தை. ஒளி மாறினால் கேன்வாஸையும் மாற்றிக்கொள்வார். ஏறக்குறைய 100 கேன்வாஸ்களைத் தொடங்கி, பலவற்றை பிரான்ஸின் ஜிவேர்னி ஊரில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆண்டுக்கணக்கில் திருத்தினார். 1904-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தவை 37 மட்டுமே. கணநேரக் காட்சிபோல் தெரிவதற்குப் பின்னால் அவ்வளவு பொறுமை.

ஒற்றை ஓவியத்தோடு நின்றுவிடாதீர்கள். வாட்டர்லூ பாலத்தை மட்டுமே அவர் 40 தடவைக்கு மேல் வரைந்திருக்கிறார். இரண்டை அருகருகே வைத்து, பாலத்துக்குப் பின்னால் தென்கரையில் நிற்கும் ஆலைப் புகைபோக்கிகளைத் தேடுங்கள். ஒன்றில் அவற்றை எண்ணிவிடலாம். இன்னொன்றில் தங்கள் புகைக்குள்ளேயே பாதி கரைந்திருக்கும்.